புள்ளிப் பட்டியலில் மஞ்சள்

பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் நான் டொக்டராகிப் பதினொரு வருடமாகிறது. மருத்துவப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்ததோ போன வருடம்தான். இந்த இடைவெளிக்கெல்லாம் அம்மாவின் வாய்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லித் திரிந்தேன். என் வாய்க்கும் அதில் பங்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

பதினெட்டு வயதில், பள்ளி முடித்த கையோடு மருத்துவ முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். அப்போது அதில் யாரும் சேரலாம். உள்ளே விட்டுவிட்டு வருட முடிவில் ஒரு போட்டிப் பரீட்சை வைத்து, பெரும்பாலானவர்களை வெளியே தள்ளுவார்கள். இந்தப் பிற்பகுதியை நான் வீட்டில் வடிவாக விளக்கவில்லை. பதிவுத்தாள் கையில் கிடைத்த அன்றே அம்மா வேலைசெய்யும் கடையில் செய்தி பரவிவிட்டது. மறுநாள் அந்தத் தெரு முழுவதற்கும் தெரியும்.

கடை லா சப்பலின் ரூ பெர்தொனே தெருவில் இருக்கிறது. பூசைச் சாமான், சேலை, கல்யாண அழைப்பிதழ் எல்லாம் அங்கே கிடைக்கும். அம்மாவுக்கு அங்கே பல வேலை என்றாலும் முக்கியமான வேலை மஞ்சள் பூசுவது. அச்சடித்த அழைப்பிதழ்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். அவற்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் கல்யாண வீட்டாரிடம் கொடுக்க வேண்டும். அவர்களே வீட்டில் செய்துகொள்ள வேண்டியதுதான், ஆனால் பாரிசில் யாருக்கு நேரம்? ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, வலது பெருவிரலால் மூலைக்கு ஒன்றாக அம்மா வைத்துக்கொண்டே போவார். கண் வேறெங்கோ இருக்கும், வாய் கதைத்துக்கொண்டிருக்கும், விரல் மட்டும் தன் பாட்டில் வேலை செய்யும். ஓர் எழுத்தில்கூட மஞ்சள் படாது. மணப்பெண்ணின் பெயரில் பட்டால் பெண்வீட்டார் கடையை இரண்டாக்கிவிடுவார்கள். இருபது வருடத்தில் அப்படி ஒரு சண்டை வந்ததே இல்லை.

பரீட்சையில் தோற்றேன். கொஞ்சமாக அல்ல, நன்றாகவே தோற்றேன். மருத்துவம் கைவிட்டபின் உயிரியல் பட்டப்படிப்பில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பதுதான் சரியான சொல். மூன்று வருடமும் எனக்கு உயிரியல்மேல் கோபம். நான் கேட்டதை விட்டுவிட்டு இதைத் தந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி, தாவரங்களின் வேரைப் பற்றிச் சொல்லித்தந்த அந்த நல்ல மனுஷியை முறைத்துக்கொண்டு பின்வரிசையில் இருந்தேன். பாதி வகுப்புகளுக்குப் போகவில்லை. போனாலும் குறிப்பெடுக்கவில்லை. இங்கே புள்ளி இருபதுக்குத்தான் போடுவார்கள். பத்து எடுத்தால் தேறலாம். நான் மூன்று வருடமும் அந்தப் பத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கரையேறினேன்.

முதல் வருட முடிவில் அம்மா கேட்டார். "எத்தினை எடுத்தனீ, பிள்ளை?"

"பதினாலு," என்றேன்.

ஏன் பதினாலு என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். பதினாறு என்றால் நம்புவதற்குக் கஷ்டம். பன்னிரண்டு என்றால் பொய் சொன்ன பிரயோசனம் இல்லை. பதினாலு நல்ல பிள்ளையின் புள்ளி. அம்மா தலையாட்டினார். அந்தப் பதினாலு மறுநாளே லா சப்பலுக்குப் போய்ச் சேர்ந்தது. பட்டம் முடிந்தபோதும் "எவ்வளவு?" என்றார், "அதே பதினாலுதான்" என்றேன். உண்மையில் மொத்தச் சராசரி பத்து தசம் மூன்று ஒன்று. அம்மாவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் என்னிடம்தான் வரும், நான்தான் வாசித்துச் சொல்வேன். அந்தத் துணிச்சல்தான் எனக்கு. புள்ளிப் பட்டியலை ஒரு கோப்பில் போட்டு அலமாரிக்குள் தள்ளிவிட்டேன்.

பிறகு தாதியர் பள்ளிக்குப் போனேன். அங்கே ஏனோ எனக்குப் படிப்பு வந்தது. கோபப்பட நேரமில்லாததும் ஒரு காரணமாக இருக்கலாம். பதினைந்துக்கு மேல் எடுத்தேன். அதை வீட்டில் சொன்னபோது அம்மா பெரிதாக ஆச்சரியப்படவில்லை. "முந்தியும் பதினாலு எடுத்தனீதானே," என்றார். எனக்கு முகம் சூடாகிப்போயிற்று.

லா சப்பலில் இந்த மாற்றம் எதுவும் எடுபடவில்லை. அங்கே நான் தொடக்கத்திலிருந்தே மருத்துவம் படிக்கும் பிள்ளை. தாதி வேலை என்பது மருத்துவத்தின் ஏதோ ஒரு கட்டம் என்று அம்மா விளக்கியிருந்தார். "கொஞ்சம் சுத்திப் போறா," என்றாராம். கடை முதலாளியை எல்லோரும் அண்ணை என்போம். அவருக்கு அறுபது வயது, ஒரு முழங்கால் எப்போதும் வலி. நான் கடைக்குள் கால் வைத்தால் காற்சட்டையை மேலே இழுத்துவிடுவார்.

"பிள்ளை, இஞ்சை ஒருக்கா பார். வீங்கியிருக்கோ?"

"அண்ணை, நான் இன்னும் டொக்டர் இல்லை."

"அதுக்கென்ன, ஆகத்தானே போறாய்."

எரிச்சல் வந்தால் எனக்குப் பிரெஞ்சுதான் வரும். பிரெஞ்சில் நாலு வார்த்தை முணுமுணுத்துக்கொண்டே குனிந்து அவர் முழங்காலை அழுத்திப் பார்ப்பேன். வீங்கித்தான் இருக்கும்.

மருத்துவமனையில் மூன்று வருடம் வேலைசெய்தேன். வேலை பிடித்திருந்தது. ஒன்றுதான் பிடிக்கவில்லை. ஒரு நோயாளியின் கால் நேற்றைவிட இன்று தடித்திருக்கிறது என்று நான்தான் முதலில் காண்பேன். மருத்துவரைக் கூப்பிடுவேன். அவர் வந்து காலைப் பார்ப்பார், கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார், பிறகு எதையோ எழுதித் தருவார். அந்தப் பேசாமல் நிற்கும் நேரத்தில் அவர் தலைக்குள் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமல் பக்கத்தில் தட்டை ஏந்திக்கொண்டு நிற்பது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அந்த நேரம் எனக்கும் வேண்டும் என்று நினைத்தேன்.

தாதியாக வேலைபார்த்தவர்கள் மருத்துவ இரண்டாம் ஆண்டுக்கு நேரே விண்ணப்பிக்க இங்கே ஒரு வழி உண்டு. முதலில் விண்ணப்பக் கோப்பைப் பார்ப்பார்கள், பிடித்தால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். வாழ்நாளில் இரண்டு தடவைதான் கேட்கலாம். முதல் தடவை என் கோப்பை வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். பத்து தசம் மூன்று ஒன்றைப் பார்த்திருப்பார்கள், வேறென்ன. இரண்டாம் தடவை என் பிரிவின் தலைமைத் தாதி எனக்காக ஒரு நல்ல கடிதம் எழுதித்தந்தார். நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஒரு வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. சான்றிதழ்களின் மூலப்பிரதிகளைக் கொண்டுவர வேண்டும் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இந்தத் தடவை விட்டால் இனி இல்லை.

நாங்கள் இருப்பது பாரிசுக்கு வெளியே செவ்ரானில். அம்மா காலையிலேயே கடைக்குப் போய்விடுவார். போகும்போது சொன்னார். "போற வழியிலை கடைக்கு வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ."

போகும் வழி அதுவல்ல. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி வேறு பக்கம் போக வேண்டும். இருந்தாலும் போனேன். என்னதான் பேசினாலும் அந்த முகத்தைப் பார்க்காமல் போக எனக்குத் தைரியம் இல்லை. கடையில் ஒரு பெரிய கல்யாணத்து அழைப்பிதழ்கள் குவிந்து கிடந்தன. அம்மா கிண்ணத்தோடு இருந்தார். சான்றிதழ்க் கோப்பை மேசையில் வைத்ததுதான் தாமதம், அண்ணை காற்சட்டையை இழுத்துவிட்டார். அன்றைக்கு முழங்காலோடு கணுக்காலும் சேர்ந்திருந்தது. ஐந்து நிமிடம் அவரோடு போராடி, குடும்ப மருத்துவரிடம் போகச் சொல்லி, அவர் போகமாட்டேன் என்று சொல்லி, நான் போகத்தான் வேண்டும் என்று சொல்லி முடித்துத் திரும்பினேன். அம்மா கோப்பின் ரப்பர் நாடாவை மாட்டி என் கையில் தந்தார்.

"எல்லாம் சரிவரும். கெதியாப் போ."

நேர்முக அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் நரைத்த முடியோடு ஒரு பேராசிரியை. அவருக்கு வலப்புறம் கண்ணாடி போட்ட ஓர் அறுவை மருத்துவர். இடப்புறம் ஓர் இளம் மருத்துவர், எழுதுவது அவர் வேலை. பேராசிரியை மூலப்பிரதிகளைக் கேட்டார். நாடாவைக் கழற்றி, பட்டியலை எடுத்து நீட்டினேன். நீட்டும்போதே கண்டேன்.

நான்கு மூலையிலும் மஞ்சள்.

மேலே இரண்டும் இடது கீழே ஒன்றும் வழக்கம்போல அளவாக, சின்னதாக இருந்தன. வலது கீழ் மூலையில் மட்டும் கட்டியாக, பெருவிரல் முழுவதும் பதிந்தாற்போல ஓர் அப்பல். அந்த மூலையில்தான் மொத்தச் சராசரி இருக்கிறது. இருக்கிறது என்று எனக்குத் தெரியும், இந்தத் தாளைப் பார்க்கும் வேறு யாருக்கும் இனித் தெரியாது. எண் மஞ்சளுக்குள் போயிருந்தது. மஞ்சள் இன்னும் முழுதாகக் காயவும் இல்லை.

அம்மாவை மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. பிரெஞ்சில்தான் திட்டினேன்.

பேராசிரியை தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "இது என்ன, அயடினா?"

"மஞ்சள், மதாம்."

"கறிக்குப் போடும் மஞ்சளா?"

"ஆமாம். எங்கள் ஆட்கள் நல்ல காரியத்துக்கான தாள்களில் மூலைக்கு மூலை இதை வைப்பார்கள். என் அம்மாவுக்கு அதுதான் தொழிலும். இன்று காலை எனக்குத் தெரியாமல் வைத்திருக்கிறார்."

இளம் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அறுவை மருத்துவர் தாளை வாங்கி, வலது கீழ் மூலையில் விரலை வைத்தார். அவர் விரலிலும் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. நான் முன்பே அனுப்பிய நகல் அவர் முன்னால் திறந்து கிடந்தது, அதில் எண் பளிச்சென்று இருந்தது. அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"மிகச் சரியான இடத்தில் வைத்திருக்கிறார் உங்கள் அம்மா. இதற்குக் கீழே என்ன எண் இருக்கிறது?"

அந்த எண்ணை அதுவரை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சிநேகிதிகளிடமும் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் எழுதும்போதுகூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் எழுதினேன்.

"பத்து தசம் மூன்று ஒன்று," என்றேன். "இருபதுக்கு."

"ஏன்?"

இதற்கு ஒரு பதில் பாடமாக்கி வைத்திருந்தேன். குடும்பச் சூழ்நிலை, தினமும் நீண்ட பயணம், அம்மாவுக்கு மொழி தெரியாமை. எல்லாம் உண்மைதான். ஆனால் என்னோடு அதே ரயிலில், அதே வீட்டு நிலைமையோடு பக்கத்து ஊரான ஓல்னே-சூ-புவாவிலிருந்து வந்த ஒருத்தி பதினாறு எடுத்தாள். மஞ்சளைப் பார்த்துக்கொண்டே அந்தப் பாடத்தை ஒப்பிக்க எனக்கு நா எழவில்லை.

"நான் படிக்கவில்லை," என்றேன். "மருத்துவத்தில் தோற்றதற்கு உயிரியலைப் பழிவாங்கினேன். மூன்று வருடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரிலும் பிழை இல்லை."

இளம் மருத்துவர் அதை எழுதிக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். முடிந்தது என்று நினைத்ததும் பயம் போய்விட்டது. அதன்பிறகு கேட்டதற்கெல்லாம் வீட்டில் கதைப்பதுபோலக் கதைத்தேன். தட்டை ஏந்திக்கொண்டு நிற்கும் அந்த நேரத்தைப் பற்றிச் சொன்னேன். பேராசிரியை முன்னால் சாய்ந்து கேட்டார். "அந்த நேரத்தில் சில சமயம் எங்கள் தலைக்குள் ஒன்றுமே ஓடுவதில்லை, தெரியுமா?" என்றார். "அதையும் தெரிந்துகொள்ளத்தான் வருகிறேன்," என்றேன். இளம் மருத்துவர் சிரித்துவிட்டார்.

கடைசியில் அறுவை மருத்துவர் தன் விரலைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "உங்கள் அம்மா இதைக் காயத்திலும் போடுவாரா?"

"போடுவார். நான் பின்னாலேயே போய்க் கழுவிவிடுவேன்."

வீட்டுக்கு வந்தால் அம்மா வெண்டிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்கு வாய் துடித்தது. ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? எண்ணை மறைத்துவிட்டீர்கள் என்றால் எந்த எண் என்று கேட்பார். பதினாலை மறைத்தால் என்ன குடியா முழுகிவிடும் என்பார். என் பொய் என் கழுத்தைத்தான் பிடித்தது.

"பட்டியலிலை மஞ்சள் பூசினீங்களோ?"

"ஓம். நல்ல காரியம்தானே."

"எழுத்திலை பட்டிட்டுது."

"அப்பிடியோ," என்றார். அடுத்த வெண்டிக்காயை எடுத்தார்.

மூன்று வாரம் நான் மனுஷியாக இல்லை. கதவை அடித்துச் சாத்தினேன். அம்மா சமைத்ததில் உப்பில்லை என்றேன், அடுத்த நாள் உப்புக் கூடிவிட்டது என்றேன். நான் கடைப்பக்கம் போகவே இல்லை. அண்ணையின் முழங்கால் என்ன ஆயிற்றோ என்று இடையில் ஒரு தடவை யோசித்தேன்.

முடிவு வேலையில் இருக்கும்போது மின்னஞ்சலில் வந்தது. இரண்டாம் ஆண்டுக்கு எடுத்திருக்கிறார்கள். மருந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், பிறகு முகத்தைக் கழுவிவிட்டு ஒரு நோயாளிக்கு ஊசி போட்டேன். வேலை முடிந்ததும் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு நேரே லா சப்பலுக்குப் போனேன்.

அண்ணைதான் முதலில் கத்தினார். "நான் அப்பவே சொன்னனான் எல்லோ!" அலமாரியிலிருந்து ஒரு கற்கண்டுப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து என் கை நிறையக் கொட்டினார். பக்கத்து நகைக்கடைக்குச் சொல்லவென்று வெளியே ஓடினார். அந்த முழங்காலோடு அவர் ஓடியதைப் பார்த்தபோது, இத்தனை வருடம் எனக்கு அவர் விளையாட்டுக் காட்டினாரோ என்று சந்தேகம் வந்தது.

அம்மா எழும்பவில்லை. மஞ்சள் கை என்பதால் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடையில் வேறு யாரும் இல்லை. நான் முக்காலியை இழுத்துப்போட்டு அவர் பக்கத்தில் இருந்தேன். இதைத் தமிழில்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது.

"அம்மா, ஒண்டு சொல்லோணும். அந்தப் பட்டப்படிப்பிலை நான் எடுத்தது பதினாலு இல்லை."

"ஓம்."

"பத்துத்தான்."

"பத்து தசம் மூண்டு ஒண்டு," என்றார் அம்மா.

கற்கண்டு என் வாயிலேயே நின்றுவிட்டது.

"உங்களுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாதே!"

"இலக்கத்துக்கு என்ன பிரெஞ்சு? அந்தக் கடதாசி வந்த அண்டைக்குத் தபால்பெட்டியைத் திறந்தது ஆர்? நான்தானே. நீ வாசிச்சுச் சொல்லுறதுக்கு முதல் நானும் ஒருக்காப் பாப்பன், எப்பவும்."

ஆறு வருடம். முதல் வருடப் பட்டியலிலிருந்து எண்ணினால் எட்டு. அத்தனை வருடமும் இவர் என் முன்னால் அமைதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்ப ஏன் எல்லாருக்கும் பதினாலு எண்டு சொன்னனீங்கள்?"

"நீ சொன்னதைத்தானே சொன்னனான். என்ரை பிள்ளை ஒண்டு சொல்ல, நான் ஊருக்கு வேற ஒண்டு சொல்லுறதோ?"

"அப்ப மஞ்சள்?"

அம்மா அடுத்த அழைப்பிதழை எடுத்தார். நான்கு மூலை, நான்கு பொட்டு. எழுத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதை என் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"என்ரை கை பிசகுமே? அவை அதைப் பாக்காமல் விட்டால் உனக்கு நல்லதெண்டு நினைச்சன். என்னாலை வேறென்ன செய்யேலும்?"

நான் அழுதேன். அம்மா என் கண்ணைத் துடைக்க வந்து, கையிலிருந்த மஞ்சளை என் கன்னத்தில் அப்பிவிட்டார். அதைப் பார்த்து அவரே சிரிக்கத் தொடங்கினார். நானும் சிரித்தேன். அந்தத் தாளில் மறைத்ததை நானே மூன்று பேருக்கு முன்னால் வாய்விட்டுச் சொன்ன கதையை அப்போதுதான் அவருக்குச் சொன்னேன். "சொன்னனியோ?" என்றார். "சொன்னனான்," என்றேன். பிறகு கடிதத்தை வாங்கி மேசையில் விரித்து, விரலைக் கிண்ணத்தில் தொட்டு, மூலைக்கு ஒன்றாக வைத்தார். சின்னதாக, அளவாக.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வழக்கமாக வரும் ஓர் அக்கா உள்ளே வந்தார். மகளுக்குக் கல்யாணம், அழைப்பிதழ் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறார். அண்ணை வழியிலேயே பிடித்துச் சொல்லிவிட்டார் போல.

"பிள்ளைக்குக் கிடைச்சிட்டுதாமே! கிடைக்காதோ பின்னை, பதினாலு எடுத்த பிள்ளை."

அம்மா விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்கிறேனோ அதுதான் இனி இந்தத் தெரு முழுக்க இருக்கப்போகிறது என்று எனக்கு விளங்கியது.

"பதினாலு இல்லை அக்கா," என்றேன். "பத்து."

"பத்தோ? பத்துக்கே குடுத்தவை?" அக்கா நம்பாமல் அம்மாவிடம் திரும்பினார். "மெய்யே?"

அம்மா அந்த அக்காவின் வீட்டு அழைப்பிதழ் ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார்.

"ஓம்," என்றார். "பத்து."